அம்ரிதா ஷெர்-கில் சோகத்தை ஏன் சிவப்பில் வரைந்தார்?

கரித்துண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உருவ ஓவியம் வரைகிறவர்களும் விரும்பிப் பார்க்கிறவர்களும் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறீர்கள் என்பதால்தான் இதை இங்கே போடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் உணர்ச்சி என்றதும் நாம் எல்லோரும் முகத்தைத்தான் தேடுகிறோம். கண் கலங்கியிருக்கிறதா, புருவம் நெரிந்திருக்கிறதா என்று. வண்ணத்துக்கோ ஒரு வாய்ப்பாடு கையில் இருக்கிறது: சோகம் என்றால் சாம்பலும் நீலமும், கோபம் என்றால் சிவப்பு, அமைதி என்றால் பச்சை. வரையக் கற்க வரும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. அதற்குக் காரணம் 1930களில் வரைந்த நம் ஓவியர் அம்ரிதா ஷெர்-கில்.

1935இல் அவர் வரைந்த 'மூன்று பெண்கள்' படத்தைப் பெரும்பாலோர் எங்காவது பார்த்திருப்பீர்கள். மூன்று இளம்பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. யாரும் அழவில்லை. உடைகளில் சூடு பறக்கும் நிறங்கள், கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் போல. பின்னால் ஜன்னலோ பாத்திரமோ எதுவும் கிடையாது, வெறும் சுவர். இவ்வளவுதான் படம். ஆனாலும் நான் பார்த்த இந்தியப் படங்களிலேயே மனதை அழுத்துகிற படம் இதுதான் என்று சொல்வேன்.

என் கணிப்பு இது: அவர் உணர்ச்சியை முகத்தில் வைக்கவே இல்லை. முகத்தை வேண்டுமென்றே அடக்கிவிட்டு, வண்ணத்தைப் பேச விடுகிறார். அந்த வண்ணமும் 'சோக நிறம்' இல்லை. உடையில் இருக்கும் வெப்பமும் முகத்தில் இருக்கும் அசைவின்மையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த ஒவ்வாமையில்தான் வலி இருக்கிறது. அதே மூன்று பேருக்கும் சாம்பல் நிறத்தில் உடுத்திவிட்டிருந்தால் படம் வெறும் பரிதாபமாகப் போயிருக்கும்.

அசலை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்தது அச்சும் திரையும்தான்.

---

தில்லிவாசி

பார்த்திருக்கிறேன். இங்கே தில்லியில் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீன ஓவியக்கூடத்தில்தான் அவருடைய முக்கியமான படங்களில் பெரும்பகுதி இருக்கிறது. அவர் இறந்த பிறகு கணவர் விக்டர் ஈகனும் குடும்பத்தாரும் கொடுத்தவைதான் அந்தச் சேகரத்துக்கு அடித்தளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் கூட்டம் இருக்காது, நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்று: போனில் பார்க்கும் சிவப்பை நம்பாதீர்கள். திரையில் ஆரஞ்சாகக் கத்துகிற இடம் நேரில் செங்கல் பக்கமாக அடங்கி இருக்கும். வெளிச்சத்தைத் தள்ளிவிடாமல் உள்ளே இழுத்துக்கொள்கிற சிவப்பு அது. பக்கத்தில் போனால் தூரிகை போன வழி தெரியும், பெயின்ட் தடிமனாக நிற்கிற இடமும் மெல்லிசாகத் தேய்ந்த இடமும் தெரியும். அச்சில் இதெல்லாம் ஒரே சமமாகிவிடுகிறது.

நீங்கள் சொல்லும் 'ஒவ்வாமை' எனக்கு இன்னும் பலமாகத் தெரிந்தது 'பிரம்மச்சாரிகள்' (1937) முன்னால் நின்றபோது. ஐந்து பேர், மேலுக்குத் துணியில்லை, இடுப்பில் வெள்ளை வேட்டி. மொத்தப் படத்தையும் இரண்டே நிறத்தில் சொல்லிவிடலாம் என்று தோன்றும்: தோலின் பழுப்பு, துணியின் வெள்ளை, அடியில் தரையின் சிவப்பு மட்டும் கூடுதலாக. ஆனால் கொஞ்ச நேரம் நின்றால் ஐந்து வேட்டியும் ஒரே வெள்ளை இல்லை என்பது தெரியும். ஒன்றில் மஞ்சள் ஏறியிருக்கும், இன்னொன்றில் நீலம் கலந்திருக்கும். தோலும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் வேறு. ஒரே மாதிரி உடுத்தி, ஒரே ஒழுங்கில் உட்கார வைக்கப்பட்ட ஐந்து பேரையும் தனித்தனி ஆளாகக் காட்டுவது அந்தச் சின்ன நிற வித்தியாசம்தான். பக்தி, பயம், சலிப்பு என்று எந்தப் பெயரையும் அந்த முகங்களில் ஒட்ட முடியாது. ஆனால் படத்தை விட்டு நகரவும் முடியாது.

---

முள்வேலி

ரெண்டு பேரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது.

அம்ரிதா யார்? அப்பா உம்ராவ் சிங் மஜீதியா சீக்கியப் பிரபு குடும்பம், சமஸ்கிருதம் படித்தவர், கேமரா வைத்திருந்தவர். அம்மா ஹங்கேரியப் பாடகி. 1913இல் புடாபெஸ்டில் பிறந்து, சிம்லாவின் சம்மர் ஹில்லில் வளர்ந்து, பதினாறு வயதில் பாரிஸ் போய்ப் படித்துவிட்டு 1934 கடைசியில் திரும்பி வருகிறார். வந்ததும் ஏழைகளை வரையத் தொடங்குகிறார். ஏழைகளும் துயரப்பட்டவர்களுமான இந்தியர்களின் வாழ்க்கையை விளக்குகிறவளாக இருக்க விரும்புகிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தியா என்றால் அவர் மனதில் வந்த சித்திரமும் அதேதான்: மஞ்சளும் சாம்பலும் கலந்த பரந்த நிலம், கறுத்து மெலிந்து சோக முகத்தோடு சத்தமில்லாமல் நடமாடும் மனிதர்கள். இது வந்து இறங்கியதுமே கட்டிக்கொண்ட சித்திரம்.

அப்படியானால் அந்தச் சோகம் யாருடையது? மலைக்காரப் பெண் நிஜமாகவே அவ்வளவு துயரத்தில் இருந்தாளா, அல்லது அன்றைக்கு வேலை முடிந்து அசதியாக நின்றாளா? ஐரோப்பா பிக்காசோ, மத்தீஸ், பிராக் என்ற ஓவியர்களுக்குச் சொந்தம், இந்தியா எனக்கு மட்டுமே சொந்தம் என்று சொன்னவர் அவர். சொந்தம் கொண்டாடுகிறவர் வரைகிற சோகத்தை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். வண்ணம் அழகாக இருப்பது அந்தக் கேள்வியை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

---

கரித்துண்டு

முள்வேலி, நியாயமான கேள்வி. 1935இன் படங்களைப் பொறுத்தவரை நான் பாதி ஒத்துக்கொள்கிறேன். 'பாரத மாதா' என்று பெயர் வைத்த படம் இருக்கிறதே, ஏழைத் தாயும் குழந்தைகளும், அதில் சோகம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதுதான். தபால்தலையில்கூட வந்த 'மலைவாழ் பெண்கள்' படத்திலும் அந்தச் சாயல் உண்டு.

ஆனால் இந்தச் சோகம் இந்திய ஏழைகளைப் பார்த்ததும் அவருக்கு வந்தது இல்லை. பாரிஸில் 1933இல் 'தொழில்முறை மாடல்' என்று ஒரு படம் வரைந்தார். வயதாகி, உடம்பு வற்றிப்போன ஒரு மாடல், ஆடையில்லாமல். மற்ற மாணவர்கள் அழகான மாடலைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் இருபது வயதுப் பெண் இதை வரைகிறார். தோலில் பச்சையும் சாம்பலும் ஊறிக் கிடக்கும். அடுத்த வருஷம் தன்னையே தாஹிதிப் பெண்ணாக வரைந்துகொண்டார். பிரெஞ்சு ஓவியர் கோகன் பசிபிக் தீவான தாஹிதியில் வரைந்த பெண்களின் இடத்தில் தன் உடம்பையே வைத்து, பின்னால் ஓர் ஆணின் நிழலும் விழுகிறது. அந்த முகத்திலும் இதே இறுக்கம்தான். ஆக, அவர் எங்கே போனாலும் அந்த மனநிலையைக் கூடவே கொண்டு போனார். யாருடைய சோகம் என்று கேட்டால், பெரும்பாலும் அவருடையது என்பதே என் பதில். மாடல் அதற்கு இடம் கொடுத்தவர். இதைக் குறையாக நினைக்கிறவர்கள் நினைக்கலாம். உருவ ஓவியத்தில் இது நடக்காமல் இருக்கவே முடியாது என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1937க்குப் பிறகு அந்தச் சோகம் மாறுகிறது. மாற்றியது வண்ணம்.

---

நாஞ்சில்காரி

1937 என்றதும் உள்ளே வந்துவிட்டேன். அந்த மாற்றம் எங்கள் பக்கத்தில் நடந்தது என்று கொஞ்சம் உரிமையோடு சொல்வேன்.

1936 கடைசியில் பம்பாயில் தொடங்கி அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று ஒரு நீண்ட பயணம் போனார். அப்போது கன்னியாகுமரியும் திருவிதாங்கூர்தான். இங்கே வந்தவர் என்ன பார்த்திருப்பார் என்று எனக்கு யோசிக்கவே வேண்டாம். எங்கள் ஊரில் மழைவிட்ட வெயிலில் போய் நின்றால் போதும். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் கண்ணைப் பறிக்கிற பச்சை, நடுவே வெள்ளை வேட்டியும் முண்டும் கட்டிய கறுத்த உடம்புகள். சிம்லாவில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காது. அங்கே வெளிச்சம் மெல்லிசு, நிழல் நீலம், ஆட்கள் கம்பளிக்குள். இங்கே உச்சி வெயிலில் நிழலே இருக்காது, உடம்பு ஒரு திட்டாகத் தெரியும். கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை, அவ்வளவுதான். வடிவம் காட்ட ஒளிநிழல் போட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

திரும்பிப் போய் சிம்லாவில் உட்கார்ந்துதான் 'மணமகளின் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' மூன்றையும் 1937இல் வரைந்தார். எனக்கு இது முக்கியமாகத் தோன்றுகிறது. எதிரில் தெற்கு இல்லை. கண்ணுக்குள் தங்கியது மட்டும் இருக்கிறது. ஆயிரம் சில்லறை நிறங்களை மறதி கழித்துவிடும், மிஞ்சுவது நாலைந்துதான். அந்த மூன்று படங்களும் அவ்வளவு அடக்கமாக, அதே சமயம் அவ்வளவு உறுதியாக இருப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம்.

முள்வேலி அண்ணனுக்கு ஒரு வார்த்தை. சந்தைக்குப் போகிறவர்கள் படத்தில் இருப்பவர்கள் யாரிடமும் பரிதாபம் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்குப் போகிறார்கள். மலைக்காரர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், பார்க்கப்படுவதற்காக. இவர்களுக்கு வேலை இருக்கிறது.

---

சுதைச்சுவர்

நாஞ்சில்காரி அக்கா சொன்ன வெயிலோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: சுவரோவியம்.

அஜந்தாவில் இருக்கும் நிறங்களை விரல்விட்டு எண்ணலாம். செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக் கரி, பச்சை மண், சுண்ணாம்பின் வெள்ளை, கொஞ்ச இடத்தில் மட்டும் தூரதேசத்திலிருந்து வந்த நீலக்கல். ஏறக்குறைய எல்லாமே மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்தவை என்பதால் ஒன்றுக்கொன்று சண்டை போடாது. அம்ரிதா ஐரோப்பாவில் இருந்தபோதே, அஜந்தாவின் ஒரு சுவரோவியம் மறுமலர்ச்சிக் காலம் முழுவதையும்விட மேல் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியவர். அதுவரை நேரில் பார்த்தது கிடையாது. பார்த்த பிறகு, இந்தியா திரும்பியதிலிருந்து முதல் தடவையாக இன்னொருவர் படைப்பிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று எழுதினார். தன்னைப் பற்றி அவ்வளவு உயர்வான எண்ணம் உள்ள ஒருவர் இப்படி எழுதுவது சாதாரண விஷயம் இல்லை.

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களைப் பார்த்து நாள் கணக்கில் உட்கார்ந்து பிரதி எடுத்தார். கேரளச் சுவரோவியத்தில் ஐந்தே வண்ணங்கள்: காவிச் சிவப்பு, காவி மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு. வெற்றிடமே விடாமல் நெருக்கி அடைத்த உருவங்கள். அந்த நெருக்கத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். மண் வண்ணத்தையும் தட்டையான பரப்பையும் எடுத்துக்கொண்டு, உருவங்களுக்கு நடுவே காற்றை விட்டார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நாட்டிய சாஸ்திரம் ஒவ்வொரு ரசத்துக்கும், அதாவது கலை எழுப்பும் உணர்ச்சிக்கும், ஒரு நிறம் சொல்கிறது. ரௌத்திரத்துக்கு (கோபம்) சிவப்பு, ஹாஸ்யத்துக்கு (சிரிப்பு) வெள்ளை, கருணத்துக்கு (சோகம்) புறாவின் சாம்பல். ஆக, 'சோகம் என்றால் சாம்பல்' என்ற வாய்ப்பாடு மேற்கிலிருந்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம், நம்மிடமே இருந்தது. தொல்காப்பியர் நிறம் சொல்லாமல் காரணம் சொல்கிறார்: அழுகை பிறப்பது இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை என்ற நான்கால். எனக்கு அம்ரிதாவின் 'மூன்று பெண்கள்' இந்த இரண்டாவது வழியில் போகிற படமாகத் தெரிகிறது. ரசத்துக்கு நிறம் பூசவில்லை, காரணத்தை உட்கார வைத்திருக்கிறார். தங்களைப் பற்றி வேறு யாரோ முடிவெடுத்துவிட்ட பெண்கள். அந்த முடிவின் உடைதான் அந்தச் சிவப்பு.

ரவி வர்மாவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே உணர்ச்சி கண்ணிலும் கழுத்துத் திருப்பத்திலும் கையின் அபிநயத்திலும் இருக்கும், மேடையில் போல. துணியின் நிறம் துணியின் பளபளப்பைக் காட்டுவதற்கு. வங்காளப் பள்ளி என்ற ஓவியர் குழுவில் வேறு மாதிரி: நீர்வண்ணத்தை அடுக்கடுக்காகக் கழுவிக் கழுவி மூட்டம் போட்டு, அந்த மூட்டமே உணர்ச்சி என்றார்கள். அம்ரிதாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை, வங்காளப் பள்ளியைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். அவருக்கு வேண்டியது கனமான எண்ணெய் வண்ணம், தெளிவான விளிம்பு.

---

முள்வேலி

சுதைச்சுவர் சொன்ன 'முடிவின் உடைதான் சிவப்பு' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு வாய்ப்பாடு ஆகிவிடாதா? வான் கோ 1888இல் ஆர்ல் ஊரின் இரவு விடுதியை வரைந்துவிட்டு, சிவப்பாலும் பச்சையாலும் மனித வெறிகளைச் சொல்ல முயன்றேன் என்று தம்பிக்கு எழுதினார். அங்கே ஓவியரே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். பார்க்கிறவன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தில் வெறியைத் தேடுகிறான். அம்ரிதாவிடமும் நாம் அதையே செய்கிறோமோ என்று தோன்றுகிறது.

அந்த மனிதர்களைப் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. சந்தைக்குப் போகிறவர்கள் வேறு மாதிரி என்று நாஞ்சில்காரி சொன்னதை யோசித்துப் பார்க்கிறேன், படத்தைத் திரும்பப் பார்த்தேன், அந்த நடையில் ஒரு நிமிர்வு இருக்கிறது, சரி. ஆனால் ஒரு பெயர்கூட இல்லையே. கிராமத்தார், மலைக்காரர், பிரம்மச்சாரி, மணமகள். பாரிஸ் நண்பர்களை வரைந்தபோது அவர்கள் ஆட்களாக இருந்தார்கள், இங்கே வகைகளாகிவிட்டார்கள்.

---

தில்லிவாசி

அதில் உண்மை இருக்கிறது. 1932இல் வரைந்த 'இளம்பெண்கள்' படத்தில் ஒருத்தி அவருடைய தங்கை இந்திரா. பாரிஸ் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிய படம் அது. அங்கே நிறம் ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்குக் கட்டுப்பட்டது. முடி முடியாகவே இருக்கும், பட்டு பட்டாகவே இருக்கும். ஆள் அடையாளம் தெளிவாக இருக்கும், ஆனால் மனதில் நிற்பது திறமைதான்.

வகை ஆக்கியதால் இழந்தது ஒன்று, கிடைத்தது இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாமா? 'மணமகளின் ஒப்பனை'யில் நடுவில் இருக்கும் வெளுத்த உடம்புக்காரியும் சுற்றியிருக்கும் கறுத்த உடம்புகளும் இருக்கிறார்களே, அந்தத் தோல் நிற வித்தியாசத்தை அவர் மழுப்பவே இல்லை. யார் அலங்கரிக்கப்படுகிறாள், யார் அலங்கரிக்கிறாள் என்பது முழுக்க நிறத்தில் எழுதியிருக்கிறது. பெயர் இருந்திருந்தால் அது ஒரு வீட்டுக் கதையாகப் போயிருக்கும்.

---

வெயில்தாள்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அக்காவை உட்கார வைத்து ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறேன், ஆயில், மூன்றடிக்கு இரண்டடி. அக்கா நல்ல கறுப்பு. சிவப்புச் சேலை. நான் தோலுக்குக் கறுப்பு சேர்த்துச் சேர்த்து அது செத்த மாதிரி ஆகிவிட்டது, சேலை மட்டும் தனியாகக் கத்துகிறது. அம்ரிதா படத்தில் கறுத்த தோலும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் எப்படி ஒத்துப்போகின்றன? தயவுசெய்து கைவேலையாகச் சொல்லுங்கள் அண்ணா.

---

கரித்துண்டு

தம்பி, நல்ல கேள்வி. இவ்வளவு பேசியதைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குச் சந்தோஷம்.

முதலில் ட்யூப் கறுப்பை மூடி வையுங்கள். கறுத்த தோல் கறுப்பு நிறம் கிடையாது. பர்ன்ட் சியன்னாவில் (செம்பழுப்பு) அல்ட்ராமரைன் (அடர்நீலம்) கலந்து ஓர் ஆழமான பழுப்பு செய்யுங்கள். நீலம் கூடினால் குளிரும், சியன்னா கூடினால் சூடேறும். வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளையைக் கொட்டாதீர்கள், தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். யெல்லோ ஓக்கரும் (மஞ்சள் காவி) துளி சிவப்பும் வைத்து ஏற்றுங்கள். கன்னத்தின் மேட்டிலும் நெற்றியிலும் வானத்தின் வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் நீலம் கலந்த ஒரு சின்னத் தொடல். கறுத்த தோலின் மினுக்கு அந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கிறது.

இரண்டாவது, தோலின் நிழலில் பச்சை மண் நிறத்தை மெல்லிசாக விடுங்கள். சிவப்புச் சேலைக்குப் பக்கத்தில் அந்தப் பச்சை தானாக வேலை செய்யும். இரண்டும் எதிர் நிறங்கள் என்பதால் ஒன்றை ஒன்று தூக்கிவிடும், ஆனால் பச்சை இருப்பதே தெரியக் கூடாது.

மூன்றாவது, சேலை கத்துவது ஏன் என்றால் பெரும்பாலும் முழுச் சேலைக்கும் பளிச்சென்ற காட்மியம் சிவப்பை நேரடியாகப் போட்டிருப்பீர்கள். தில்லிவாசி மேலே சொன்னாரே, அம்ரிதாவின் சிவப்பு செங்கல் பக்கமாக அடங்கியது என்று. இண்டியன் ரெட்டோ செங்காவியோ அடியில் முழுக்கப் போட்டுவிட்டு, காட்மியத்தை ஒரே ஓர் இடத்துக்கு, முந்தானை மடிப்புக்கோ தோள்பட்டைக்கோ, மிச்சம் வையுங்கள். அப்புறம் போனில் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். தோலும் சேலையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்ச அளவில் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம், அப்போது நிறம் மட்டும் தனியாக நின்று பேசும். ஒன்று ரொம்ப வெளுத்துத் தெரிந்தால் அங்கேதான் கோளாறு.

அக்காவின் முகத்தில் சிரிப்போ சோகமோ வரவழைக்க முயலாதீர்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்தவர்களின் முகம் தானாக ஓர் இடத்துக்கு வந்து நிற்கும். அதை வரையுங்கள்.

---

சுதைச்சுவர்

கரித்துண்டு சொன்னதோடு ஒன்று. அம்ரிதா தெற்கோடு நின்றுவிடவில்லை. 1938இல் விக்டர் ஈகனைக் கல்யாணம் செய்துகொண்டு, அப்புறம் கோரக்பூர் பக்கம் சராயாவில் குடும்பத்தின் சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் தங்கினார். அங்கே வரைந்தவற்றில் நிறம் இன்னொரு படி நகர்கிறது. இப்போது அஜந்தா பின்வாங்கிவிடுகிறது; பசோலி என்ற மலைநாட்டுப் பாணி, முகலாயப் பாணிச் சிற்றோவியங்கள் முன்னால் வருகின்றன. மண் நிறம் போய் மணி நிறம்.

'கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்' (1940) பாருங்கள். சிவப்பு உடை, சிவப்புக் கட்டில் கால்கள், பக்கத்தில் விசிறும் பணிப்பெண். மதியப் புழுக்கம், செய்ய ஒன்றுமில்லாத பொழுது, உள்ளே அடக்கி வைத்த ஏதோ ஓர் ஆசை. 1935இல் சிவப்பு அந்தப் பெண்கள் மேல் சுமத்தப்பட்டிருந்தது. இங்கே அது அவளிடமிருந்தே வருகிறது, கட்டில் கால் வரைக்கும் பரவியிருக்கிறது. அதே வருஷத்து 'மஞ்சள் அரைப்பவர்கள்' படத்தில் மரங்களும் பெண்களும் ஏறக்குறைய வண்ணத் திட்டுகளாகவே ஆகிவிடுகிறார்கள். முகமே தேவைப்படவில்லை. 1941இல் லாகூரில் வரைந்துகொண்டிருந்த கடைசிப் படம் முடியாமல் நின்றுபோனது. டிசம்பர் 5இல் இறந்தபோது வயது 28.

---

நாஞ்சில்காரி

இருபத்தெட்டு. இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது எனக்கு. ஏழெட்டு வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்தவர்.

உயிரோடு இருந்தபோது அவருக்கு விற்பனை ஒன்றும் பெரிதாக இல்லை. ஹைதராபாத்தில் சாலர் ஜங் என்ற பிரபு படங்களை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். சிம்லா ஓவியச் சங்கம் 1935இல் அவர் அனுப்பிய பத்துப் படங்களில் ஐந்தை ஒதுக்கிவிட்டு ஒன்றுக்குப் பரிசு கொடுத்தது, அவர் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2023இல் அவருடைய 'கதைசொல்லி' படம் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த உச்ச விலை அது. விலையைப் பற்றி எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ அந்தத் தென்னிந்தியப் படங்கள் மூன்றையும் ஒன்றாக ஒரு மாதமாவது வைக்க வேண்டும். யாருடைய வெயிலைப் பார்த்து வரைந்தாரோ அந்த மக்கள் அசலைப் பார்க்க வேண்டும். தபால்தலையும் காலண்டரும் போதாது.

---

முள்வேலி

அதற்கு நானும் கையெழுத்து போடுகிறேன். முக்கியமாக அங்கே வந்து பார்க்கும் ஒரு சந்தைக்காரி என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்க வேண்டும். நாம் எல்லோரும் ஓவியம் தெரிந்தவர்கள் போலப் பேசுகிறோம். அவளுக்கு அந்த நடை சரியாக இருக்கிறதா, தலைச்சுமை தூக்குகிற கழுத்து அப்படித்தான் நிற்குமா, அந்தச் சிவப்பு அவளுக்கு என்னவாகத் தெரிகிறது? என் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைக்கும், நம்மிடம் கிடைக்காது.

சராயாவில் நிறம் 'அவளிடமிருந்தே வருகிறது' என்று சுதைச்சுவர் ஐயா சொன்னதை மட்டும் ஏற்கிறேன். அந்தக் கட்டில் படத்தில் நான் பரிதாபத்தைப் பார்க்கவில்லை. அங்கே வரைந்தவரும் வரையப்பட்டவரும் ஒரே வீட்டுப் புழுக்கத்தில் இருக்கிறார்கள்.

---

வெயில்தாள்

கரித்துண்டு அண்ணா, சொன்னபடி செய்து பார்த்தேன். கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு சியன்னாவும் அல்ட்ராமரைனும் வைத்தேன், தோல் உயிரோடு வந்துவிட்டது. சேலைக்கு அடியில் இண்டியன் ரெட். போனில் கறுப்பு-வெள்ளையில் இப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிகின்றன. அக்கா பார்த்துவிட்டு "நான் ஏன் இவ்வளவு யோசிக்கிறேன்?" என்று கேட்டாள். நான் முகத்தை மாற்றவே இல்லை, வண்ணத்தை மட்டும்தான் மாற்றினேன்.

ஒரு சந்தேகம். கழுத்து நிழலில் பச்சை மண் வைத்தேன், அதை ஒட்டிச் சேலையின் விளிம்பு வருகிறது. இன்றைக்கே சிவப்பைப் போடலாமா?

---

கரித்துண்டு

வேண்டாம் தம்பி. பச்சை ஈரமாக இருக்கும்போது சிவப்பு மேலே போனால் இரண்டும் கலந்து சேறாகிவிடும், கழுத்தே அழுக்காகத் தெரியும். விரலால் தொட்டால் ஒட்டாத அளவு காயட்டும். மெல்லிசாகத்தானே போட்டிருக்கிறீர்கள், ரெண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், மழைக்காலம் என்றால் கூட ஆகும். அதுவரை பின்சுவரைப் பாருங்கள். அங்கே இன்னும் வெறும் வெள்ளைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதுவும் சேலையைக் கத்தவைக்கும். காவி கலந்த ஒரு சாம்பலை ஏற்றிவிட்டு, படத்தை இங்கே போடுங்கள்.